மெடியா மீது ஒரு கொலை வழக்கு

இலக்கிய மாந்தரை வழக்குமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது தமிழ் மேடைக்குப் புதிதன்று. வாலியை மறைந்து நின்று வீழ்த்தியது முறையா என்று இராமனைக் கேட்டிருக்கிறோம். கைகேயியைக் கூண்டிலேற்றியிருக்கிறோம். வீடணனை ஒரு மேடையில் துரோகி என்றும் மறுமேடையில் அறத்தின் துணைவன் என்றும் தீர்ப்பளித்து அனுப்பியிருக்கிறோம். இத்தகைய மன்றங்களில் சொல்வன்மைக்குக் கிடைக்கும் கைத்தட்டல் வழக்கின் உண்மைக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு செய்தி. எனினும் அம்முறையில் ஒரு நன்மை உண்டு. கதையாகக் கேட்கையில் கண்ணீரோடு கடந்துவிடும் ஒரு செயலை, வழக்காகக் கேட்கையில் நிறுத்தி எடைபோட்டு அதற்கொரு பெயர் இட்டாக வேண்டியிருக்கிறது. அம்முறையில் கிரேக்க நாடகத்தின் தாய் ஒருத்தியை ஈண்டு அழைக்க விரும்புகிறேன். அவள் பெயர் மெடியா. கணவனைப் பழிவாங்குவதற்காகத் தான் பெற்ற இரு மகன்களைத் தன் கையாலேயே கொன்றவள். அவள் மீது முறைப்படி கொலைக்குற்றம் சாட்டினால் என்ன நிகழும் என்பதே நம் முன் உள்ள கேள்வி.

யூரிப்பிடீஸ் எழுதிய 'மெடியா' நாடகம் கி.மு. 431இல் ஏதென்ஸ் நகரத்து டயோனிசஸ் விழாவில் அரங்கேறியது. போட்டியில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. கதை சுருக்கமானது. கருங்கடலின் கீழ்க்கரையிலுள்ள கொல்கிஸ் நாட்டு இளவரசி மெடியா. பொன் ஆட்டுத்தோலைத் தேடி அங்கு வந்த கிரேக்க வீரன் ஜேசன்மேல் காதல் கொண்டு, தந்தையை வஞ்சித்து, உடன்பிறந்தானைக் கொன்று, அவனோடு கடல் கடந்தாள். ஐயோல்கஸ் நாட்டில் அவனுக்குரிய அரசைப் பறித்த பீலியஸை, அம்மன்னனின் பெண்மக்களின் கையாலேயே சாகச் செய்தாள். அங்கிருந்து துரத்தப்பட்டு இருவரும் கொரிந்து நகரம் சேர்ந்தனர். இரு ஆண்மக்கள் பிறந்தனர். பின்னர் ஜேசன் கொரிந்து மன்னன் கிரெயோனின் மகளை மணந்துகொண்டான். மன்னனோ மெடியாவையும் அவள் மக்களையும் அன்றே நாட்டை விட்டு வெளியேறப் பணித்தான். அவள் காலில் விழுந்து ஒரு நாள் தவணை கேட்டாள். அந்த ஒரு நாளில் நிகழ்வதே நாடகம். நஞ்சு தோய்ந்த ஆடையையும் பொன்முடியையும் மணப்பரிசாகத் தன் மக்கள் கையில் கொடுத்தனுப்பினாள். அணிந்த இளவரசியும், அவளைத் தழுவிய மன்னனும் வெந்து மாண்டனர். அதன்பின் மெடியா வீட்டினுள் சென்று மக்களை வாளால் வெட்டினாள். ஜேசன் ஓடிவந்து கதவை உடைக்க முனைகையில், அவள் தன் பாட்டனாகிய கதிரவன் அனுப்பிய தேரில், இரு பிணங்களோடு வீட்டிற்கு மேலே நிற்கக் காண்கிறான்.

வழக்கைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கொலையை மெடியாதான் செய்தாள் என்பதில் பழைய கிரேக்கக் கதைகளே ஒன்றுபடவில்லை. மன்னன் குடும்பம் மாண்டதற்குப் பழியாகக் கொரிந்து மக்களே அச்சிறுவரைக் கொன்றனர் என்றொரு கதை வழங்கியது. ஹீரா தெய்வத்தின் கோயிலில் அவர்களுக்குச் சாவாமை தர முயன்றபோது அறியாமல் இறக்கவிட்டாள் என்பது இன்னொன்று. கொரிந்து நகரத்தார் ஐந்து தாலந்து வெள்ளி கொடுத்து, தங்கள் பழியை அவள் தலையில் ஏற்றுமாறு யூரிப்பிடீஸிடம் கேட்டுக்கொண்டனர் என்று பழைய உரைக்குறிப்பு ஒன்று கூறுகிறது. இதனை நம்ப வேண்டியதில்லை. ஆயினும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை விட்டுவைக்கமாட்டார். ஆதலால் நம் வழக்கு யூரிப்பிடீஸின் மெடியா மீது மட்டுமே. நம் கண் முன்னே திட்டமிட்டவள் அவள். நம் காது கேட்கத் தன்னோடு வாதாடியவள் அவள்.

வழக்குத் தொடுப்பவர் யார்? முதற் சிக்கல் இங்கேயே எழுகிறது. நாடகத்தைக் கண்ட ஏதென்ஸ் மக்களின் சட்டப்படி, கொலை என்பது அரசு தானே முன்வந்து தொடுக்கும் வழக்கன்று. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் டிராக்கோ வகுத்ததாகக் கூறப்படும் முறையில், இறந்தவரின் உறவினரே கொலையாளியை மன்றத்திற்கு இழுக்க வேண்டும். வேண்டுமென்றே செய்த கொலையை அரியோபாகஸ் குன்றில் இருந்த மன்றம் விசாரித்தது. கொலையாளியின் தீட்டு மற்றவரைப் பற்றாதிருக்க, ஒரே கூரையின்கீழ் அமராமல் திறந்த வெளியிலேயே விசாரணை நடக்கும். கொலையுண்டவர் உயிர் பிரியுமுன் கொன்றவரை மன்னித்துவிட்டால் உறவினர் வழக்குத் தொடுக்க இயலாது என்றும் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவர் குடிமகனாக இல்லாமல் அயலவராகவோ அடிமையாகவோ இருப்பின், வழக்கு வேறொரு மன்றத்திற்குச் சென்றுவிடும். கொலையுண்டவனின் தகுதியைப் பொறுத்து மன்றமும் மாறியது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

இந்த முறைப்படி பார்த்தால், அச்சிறுவர்களுக்காக மன்றத்தில் எழுந்து நிற்க வேண்டியவன் ஜேசன். அவனைத் தவிர அவர்களுக்கு உறவு என்று சொல்ல ஒருவரும் இலர். ஆனால் அவன் கூறும் முறையீடு என்ன? நாடகத்தின் இறுதியில் அவன் புலம்புவதைக் கேளுங்கள். தன் வாழ்வு பாழாயிற்று, தன் புதுமணம் அழிந்தது, தான் பெற்று வளர்த்த மக்களைத் தான் இழந்தேன் என்பதே அப்புலம்பல். கிரேக்கப் பெண் எவளும் இதற்குத் துணியமாட்டாள் என்றும் ஏசுகிறான். அது பொய். சற்று முன்னர்தான் கோரஸ் குழுவினர் தன் மக்களைக் கொன்ற ஐனோ என்பவளை நினைவு கூர்ந்து பாடினர். அந்த ஏச்சைக் கையிலெடுக்கும் வழக்கறிஞர் அயல்நாட்டாள் என்பதையே குற்றமாக்கிவிடுவார். மேலும், அதே ஜேசன் காலையில் தன் மக்கள் நாடு கடத்தப்படுவதை அறிந்தும் அமைதியாக இருந்தான். செலவுக்குப் பணமும் நண்பர்களுக்குச் சில அறிமுகங்களும் தருவதாகச் சொன்னதோடு தந்தையின் கடமை முடிந்தது என்று எண்ணினான். மெடியாவோ, இவனை எங்கே தொட்டால் அதிகம் வலிக்கும் என்று கணக்கிட்டு அம்மக்களைத் தேர்ந்தாள். ஒருவனுக்கு அவர்கள் குலத்தின் தொடர்ச்சி. மற்றவளுக்கு அவர்கள் எதிரியின் நெஞ்சுக்குச் செல்லும் வழி. இருவரும் ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டும் நெடிய உரையாடலில், உயிர் போனது யாருக்கு என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர்.

கிரேக்க அரங்கம் கொலை வழக்கையே அறியாதது என்று எண்ணவேண்டாம். கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் ஒரெஸ்தியா முத்தொடர் நாடகத்தில் அரியோபாகஸ் மன்றமே மேடையேறுகிறது. தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸ் அங்கே விசாரிக்கப்படுகிறான். வாக்குகள் சமமாகப் பிரிய, அதீனா தேவியின் வாக்கால் விடுதலை பெறுகிறான். தாய் விதையைப் பேணுபவளேயன்றி உண்மையான பெற்றோர் அல்லள் என்று அப்பொல்லோ அவன் சார்பில் வாதாடுகிறான். ஆனால் அவனால் கொல்லப்பட்ட தாய் கிளிதெம்னெஸ்திரா, தன் மகளைப் பலியிட்ட கணவனைக் கொன்றவள். அவளுக்கு எந்த மன்றமும் கூடவில்லை. மகளைப் பலியிட்ட அகமெம்னனுக்கும் கூடவில்லை. மகனுக்கு வழக்குமன்றம் கிடைத்தது. தாய்க்கு வாள் கிடைத்தது. மெடியாவுக்கோ தேர் கிடைத்தது. இம்மூன்றில் மனிதனை மனிதனாக நடத்தியது முதலாவது ஒன்றே என்பது என் கருத்து.

இனி எதிர்த்தரப்பைக் கேட்போம். மெடியாவின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்வோர் நாடகத்தைப் படிக்காதவர் ஆவர். அவளுக்குத் தாய்நாடு இல்லை, தந்தை இல்லை, திரும்பிச் செல்ல ஒரு கதவும் இல்லை. எல்லாவற்றையும் ஜேசனுக்காகத் தானே எரித்துவிட்டாள். அவன் வலக்கை கொடுத்து ஆணையிட்டு ஏற்றுக்கொண்ட உறவை, ஒரு சொல்லும் கேளாமல் முறித்தான். முறித்துவிட்டு, இதெல்லாம் உங்கள் நன்மைக்கே என்று விளக்கமும் தந்தான். அவ்விளக்கம்தான் முறிவைக் காட்டிலும் கொடியது. மகளிர் படும் பாட்டைக் கொரிந்துப் பெண்களிடம் மெடியா எடுத்துரைக்கும் முதற்பேச்சு, பழைய இலக்கியங்களில் பெண்ணின் குரலாக ஒலிக்கும் மிகச் சிறந்த பேச்சுகளுள் ஒன்று. சீர்ப்பொருள் கொடுத்து ஒருவனைத் தலைவனாக வாங்கும் அவலத்தையும், பிள்ளைப்பேற்றின் இடர் போர்க்களத்தின் இடருக்கு இளைத்ததன்று என்பதையும் அவள் எடுத்துச் சொல்கையில் வகுப்பறை முழுதும் அவள் பக்கம் சாய்ந்துவிடும். சாயவும் வேண்டும். அந்தச் சாய்வு இல்லாதவன் நடுவராக அமரத் தகுதியற்றவன்.

நம்மவர் இவ்விடத்தில் கண்ணகியை நினைப்பது இயல்பு. கணவனால் பிரிவுத்துயர் உற்றவளும் அவளே, நகரை எரித்தவளும் அவளே. ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்க நான் விரும்பவில்லை. கண்ணகி அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள், சான்று காட்டினாள், அதன்பின்னரே சினந்தாள். அவள் ஏவிய தீ தொடக்கூடாதவர் என்று விலக்கப்பட்டோருள் குழந்தைகளும் இருந்தனர். சினத்திற்குள்ளும் ஓர் எல்லைக்கோடு இருக்க முடியும் என்பதற்கு அதுவே போதிய எடுத்துக்காட்டு.

சினத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் பார்ப்போம். மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் தண்டனைச் சட்டத் தொகுப்புகளும் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை மூலமாகக் கொண்டவை. இரண்டிலும் 300ஆம் பிரிவு கொலையை வரையறுக்கிறது. அதன் முதல் விதிவிலக்கு சினமூட்டலைப் பற்றியது. கொடிதும் திடீரெனவும் நேர்ந்த சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவர் செய்யும் செயல், கொலை என்னும் கடுங்குற்றத்திலிருந்து ஒரு படி இறக்கப்படும். மெடியாவுக்கு நேர்ந்தது கொடிது என்பதை யாரும் மறுக்கமாட்டார். திடீர் என்பதுதான் இடறுகிறது. அவள் ஒரு நாள் தவணை கேட்டுப் பெற்றாள். ஏதென்ஸ் மன்னன் ஈஜியஸ் வழிப்போக்கனாய் வந்தபோது, புகலிடம் தருவதாக அவனிடம் ஆணை வாங்கிக்கொண்டாள்; எதற்காக என்று சொல்லவில்லை. ஜேசனை அழைத்து மன்னிப்புக் கேட்பது போல் நடித்தாள். பரிசை நஞ்சூட்டினாள். இவை தன்னடக்கம் இழந்தவளின் செயல்களல்ல. இதனினும் முக்கியமான வேறொன்று அவ்விதிவிலக்கிலேயே இருக்கிறது. சினமூட்டியவரையே கொன்றால்தான் அது பொருந்தும். பிறரொருவர் இறந்தால், அது தவறுதலாகவோ தற்செயலாகவோ நேர்ந்திருக்க வேண்டும். ஜேசன் மூட்டிய சினத்திற்கு ஜேசனின் மக்களைத் தேடிச் சென்று வெட்டியதை அங்கே ஒளித்துவைக்க இடமில்லை. இந்தச் சிறு சட்டச் சொற்றொடருக்குள் பெரியதோர் அறம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் நமக்கிழைத்த தீங்கு, மூன்றாமவர்மேல் நமக்கு உரிமை எதையும் தருவதில்லை. பெற்ற பிள்ளையும் அப்படிப்பட்ட மூன்றாமவரே.

பிள்ளைப்பேற்றின் பாதிப்பால் மனம் குலைந்த தாய் தன் பச்சிளங்குழந்தையைக் கொல்ல நேரின், அதனைக் கொலையாகக் கொள்ளாமல் தனிக்குற்றமாகக் கருதும் பிரிவு இரு நாட்டுச் சட்டங்களிலும் உண்டு. அது இரக்கத்தில் பிறந்த நல்ல பிரிவு. மெடியாவின் மக்களோ நாடகத் தொடக்கத்திலேயே விளையாடிவிட்டு, தங்களைப் பேணும் முதிய பணியாளனோடு ஓடிவருபவர்கள். அது அவளுக்கு உதவாது.

எஞ்சுவது பித்து என்னும் எதிர்வாதம். அவள் தன் வயத்தில் இல்லை, ஆதலால் பொறுப்பும் இல்லை என்பது அது. இதனை மறுக்க வேறு சான்று தேவையில்லை, மெடியாவே போதும். மக்களைக் கொல்லுமுன் அவள் தனியே நின்று தன்னோடு வாதிடும் பகுதி, பழங்காலச் சிந்தனையாளர் பலரை உறங்கவிடாத பகுதி. கொல்லமாட்டேன், அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்கிறாள். மறுகணம், பகைவர் நகைக்க வாழ்வதா என்கிறாள். மக்களின் கண்களைப் பார்த்துத் தளர்கிறாள், அவர்கள் கைகளை முத்தமிடுகிறாள், மீண்டும் இறுகுகிறாள். தான் செய்யப்போவது தீமை என்று அறிந்தே செய்வதாகவும், தன் சினம் தன் சிந்தனையை வென்றுவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறாள். பின்னர், இன்றொரு நாள் மட்டும் இவர்கள் உன் மக்கள் என்பதை மறந்துவிடு, அழுவதற்குப் பிறகு காலம் உண்டு என்று தன் நெஞ்சுக்கே கட்டளையிடுகிறாள். மறப்பதற்குக் கட்டளை இடுபவள் மறந்தவள் ஆகாள்.

தீமை என்று தெளிந்து ஒருவன் தீமை செய்வதில்லை, அறியாமையாலேயே செய்கிறான் என்பது சாக்ரடீஸின் கொள்கை. அக்கொள்கைக்கு மெடியா நேர் எதிரான சான்றாக நிற்கிறாள். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், அறிந்தே செய்யும் செயலுக்கு எடுத்துக்காட்டாக அவள் தன் மக்களைக் கொன்றதையே குறிப்பிடுகிறார். ஸ்டோயிக் நெறியைச் சார்ந்த கிரிசிப்பஸ் இந்நாடகத்தைத் தம் நூலொன்றில் ஏறக்குறைய முழுமையாக எடுத்தாண்டாராம். அதைப் படித்துக்கொண்டிருந்த ஒருவன், என்ன படிக்கிறாய் என்று கேட்டோர்க்குக் கிரிசிப்பஸ் எழுதிய மெடியா என்றானாம். அந்நெறியின் பின்னவரான எபிக்டெட்டஸ் கூறுவது ஆழமானது. மெடியா தவறான எண்ணத்தால் ஏமாந்தவள். தவறென்று தெளிவாகக் காட்டியிருந்தால் செய்திருக்கமாட்டாள். குருடரையும் முடவரையும் கண்டு இரங்குவது போல அவளுக்கும் இரங்குவதே முறை, சினப்பது முறையன்று என்கிறார் அவர்.

எபிக்டெட்டஸ் அடிமையாய் வாழ்ந்தவர், துன்பத்தை அறிந்தவர். அவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனாலும் நான் அவரோடு மாறுபடுகிறேன். கண்ணிழந்தவருக்கு இரங்குவது போல மெடியாவுக்கு இரங்கினால், அவள் மிகத் தெளிவாகக் கண்டதை நாம் காணவில்லை என்று சொல்லிவிடுகிறோம். தன் செயலுக்குத் தானே பெயரிட்ட ஒருத்தியிடம் போய், பாவம் நீ அறியாமல் செய்தாய் என்று கூறுவது இரக்கம் போலத் தோன்றும் அவமதிப்பு. அவள் அறிவுடையவள் என்று நாடகத்தில் எல்லாரும் அஞ்சுகின்றனர்; கிரெயோன் அவளை வெளியேற்றுவதே அந்த அச்சத்தால்தான். அவ்வறிவை மற்ற எல்லாவற்றிலும் ஒப்புக்கொண்டுவிட்டு, இந்த ஒரு செயலில் மட்டும் அவளைப் பேதையாக்குவது எவ்வாறு பொருந்தும்? குற்றஞ்சாட்டுவது அவளை நமக்கு இணையான மனிதராக ஏற்பதாகும். இரக்கம் தீர்ப்புக்குப் பின்னரும் வரலாம். தீர்ப்பின் இடத்தில் வந்து அமரக்கூடாது.

மெடியா தானே முன்வைக்கும் இன்னொரு வாதம் உண்டு. பரிசைக் கொண்டு சென்ற மக்களைக் கொரிந்தார் பழிக்குப் பழியாகக் கொன்றே தீர்வர். எப்படியும் சாகப்போகும் மக்களை அயலார் கையில் விடுவதினும், பெற்ற நானே கொல்வேன் என்கிறாள். கேட்கும்போது நெஞ்சு கரையும். ஆனால் அந்த முட்டுச்சந்தைக் கட்டியவள் அவளே. மக்கள் கையில் நஞ்சைக் கொடுத்தனுப்பியது யார்? அன்றியும், அவர்களைக் கொல்ல வேண்டும் என்று முதன்முதல் கோரஸிடம் அறிவிக்கையில் அவள் இந்தக் காரணத்தைத் தலைமையாகக் கூறவில்லை. கணவனை மிகுதியாகக் கடிக்கும் வழி இதுவே என்றுதான் கூறினாள். பிறகு அந்தத் தேர். ஏதென்ஸுக்குப் பறக்கவிருக்கும் தேரில் இரண்டு சிறுவரின் உடல்களுக்கு இடமிருந்தது. இரண்டு சிறுவர் உயிரோடு அமரவும் அதே இடம் போதும். தேர் வரும் என்பதை அவள் முன்னரே அறிந்திருந்ததாக நாடகம் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம், அது உண்மையே. ஆயினும் அழைத்துச் செல்வதைப் பற்றி அவளே எண்ணிப் பார்த்தாள் என்பது அவள் வாய்மொழியிலேயே பதிவாகியிருக்கிறது. அரிஸ்டாட்டில் இத்தேரைக் கதைப்போக்கில் பிறவாத முடிவு என்று குறைகூறினார். அழகியல் குறையாக அவர் கண்டதை நான் ஒரு தடயப்பொருளாகக் காண்கிறேன்.

சாட்சிகள் பக்கம் வருவோம். கொரிந்துப் பெண்களாகிய கோரஸ் குழுவினர் தொடக்கத்திலேயே மௌனம் காப்பதாக மெடியாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டனர். அப்போது அவர்கள் அறிந்தது கணவனைப் பழிவாங்கப் போகிறாள் என்பது மட்டுமே. மக்களைக் கொல்லும் எண்ணத்தை அறிந்தபின் வேண்டாம் என்று கெஞ்சுகின்றனர். ஆனால் வாக்கை மீறவில்லை. நாடகம் முழுதும் பேசாதிருந்த அச்சிறுவர், வீட்டினுள்ளிருந்து முதலும் முடிவுமாகக் குரலெழுப்புகின்றனர். தாயின் கைக்குத் தப்ப எங்கே ஓடுவது என்கிறான் ஒருவன். தெரியவில்லையே என்கிறான் மற்றவன். காப்பாற்றுங்கள் என்று இருவரும் கதறுகின்றனர். உள்ளே போகலாமா, போய்த் தடுக்கவேண்டும் என்று வெளியே நிற்கும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். போகவில்லை. கோரஸ் மேடையைவிட்டு வீட்டினுள் நுழைவதில்லை என்பது கிரேக்க நாடக மரபு என்று ஆசிரியர்கள் விளக்குவர். நானும் அவ்வாறு கேட்டிருக்கிறேன். மரபு என்னும் விளக்கம் அந்தக் கதறலுக்கு முன்னால் மெலிந்துபோகிறது. மன்னிப்பதற்கோ பழிப்பதற்கோ அச்சிறுவருக்கு நேரம் இருக்கவில்லை. இவ்வழக்கில் வாதி என்று யாராவது உண்டென்றால் கதவுக்கு அப்பாலிருந்து வந்த அந்த இரு குரல்களே. அவற்றுக்காகப் பேசத் தந்தை தகுதியற்றவன், தாய் கொலையாளி, அண்டை அயலார் வாக்குக்குக் கட்டுப்பட்டவர். அதனால்தான் உறவினர் அல்லாத ஒருவர், அரசின் பெயரால், வழக்குத் தொடுக்கும் முறை வேண்டியிருக்கிறது. பிள்ளை தந்தையின் உடைமையும் அன்று, தாயின் உடைமையும் அன்று என்று உரத்துச் சொல்வதற்கு வேறு யாருமில்லாத இடம் அது.

இது வெறும் நூலாராய்ச்சி அன்று என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1856 சனவரியில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து மார்கரெட் கார்னர் என்னும் கறுப்பின அடிமைப்பெண், கணவரோடும் நான்கு பிள்ளைகளோடும் உறைந்து கிடந்த ஒகையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி நகருக்குத் தப்பி ஓடினாள். பிடிக்க வந்தோர் வீட்டைச் சூழ்ந்தபோது, மீண்டும் அடிமையாகப் போவதினும் சாவு மேல் என்று இரண்டு வயதுப் பெண்குழந்தையைக் கத்தியால் கொன்றாள். அதன்பின் நடந்த சட்டப்போர் நினைவில் வைக்கத்தக்கது. அடிமை ஒழிப்பைக் கோரியவர்கள், அவளுடைய வழக்கறிஞர் ஜான் ஜோலிஃப் உட்பட, அவள்மீது ஒகையோவில் கொலைவழக்கு நடக்கவேண்டும் என்று போராடினர். அவளை உடைமையாகக் கொண்டாடியவர்களோ 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் காட்டி, அவளைத் திருப்பித் தரவேண்டும் என்றனர். கொலைவழக்கு நடந்தால் அவள் ஒரு மனிதப்பிறவி. இறந்த குழந்தையும் ஒரு மனிதப்பிறவி. திருப்பித் தந்தால் இருவரும் சரக்கு. இறுதியில் அவளைத் திருப்பித்தான் கொடுத்தனர். 1858இல் அவள் இறந்தாள். 1867இல் தாமஸ் சாட்டர்வைட் நோபிள் என்னும் ஓவியர் அக்காட்சியை வரைந்து 'நவீன மெடியா' என்று பெயரிட்டார். டோனி மோரிசன் 1987இல் வெளியிட்ட 'பிலவட்' புதினம் இந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது.

ஓவியர் இட்ட பெயர் பொருந்தாத பெயர் என்றே நான் சொல்வேன். கார்னர் யாரையும் பழிவாங்கக் கொல்லவில்லை. அவளுக்குத் தேரும் இல்லை, புகல் தருவதாக ஆணையிட்ட மன்னனும் இல்லை. ஆனால் இருவரையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்குகிறது. ஒருத்தியின் நண்பர்கள் அவளுக்காகக் குற்றச்சாட்டையே வேண்டி நின்றனர். குற்றஞ்சாட்டப்படும் உரிமைகூட மறுக்கப்பட்டது. மற்றவள் தெய்வத்தின் பேத்தி ஆதலால், குற்றஞ்சாட்ட எட்டாத உயரத்திற்குத் தூக்கிச் செல்லப்பட்டாள். மனிதருக்குக் கீழே தள்ளுவதும் மனிதருக்கு மேலே ஏற்றுவதும் அந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை ஒன்றாகவே முடிந்தன. அவர்களுக்காக யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை.

என் தீர்ப்பை ஒளிக்க நான் விரும்பவில்லை. கிரெயோன், அவன் மகள், இரு சிறுவர் ஆகிய நால்வரின் கொலைக்கும் மெடியா குற்றவாளி. தண்டனை என்று வரும்போது ஜேசன் முறித்த ஆணையையும், கிரெயோன் பிறப்பித்த கட்டளையையும், நாடற்றவளாய் அவள் நின்ற நிலையையும் தட்டில் வைப்பேன். தூக்குமேடைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. ஈஜியஸின் மாளிகைக்கு அனுப்பவும் வராது. ஏதென்ஸ் மக்கள் தங்கள் பழைய மன்னனே இவளுக்குப் புகல் தருவதை மேடையில் கண்டனர். அவர்கள் மூன்றாம் இடம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சில வேளைகளில் எண்ணியதுண்டு.

குற்றப்பத்திரிகை எழுத அமர்ந்தால் இன்னொரு இடர்ப்பாடு எதிர்ப்படும். கொலையுண்டோர் பெயர் என்ற இடத்தில் எதை எழுதுவது? யூரிப்பிடீஸ் அச்சிறுவருக்குப் பெயர் தரவில்லை. தாயும் தந்தையும் செவிலியும் பிள்ளைகளே என்றுதான் அழைக்கின்றனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து எழுதிய பயண ஆசிரியர் பௌசானியாஸ், கொரிந்து நகரில் அவர்களுடைய கல்லறையைக் கண்டதாகக் குறிப்பிட்டு, மெர்மெரஸ், ஃபெரெஸ் என்று பெயர்களைத் தருகிறார். அவர் கேட்ட கதையில் கொன்றவர்கள் கொரிந்து மக்கள். அச்சிறுவருக்காக அந்நகரில் ஆண்டுதோறும் பலி செலுத்தப்பட்டது. நகரத்துப் பிள்ளைகள் தலைமுடியை வெட்டிக்கொண்டு கறுப்பு உடை உடுத்தினர். அச்சத்தின் உருவமாக ஒரு பெண் சிலையும் நிறுவப்பட்டது. ரோமர் கொரிந்தை அழித்தபின் அங்கே குடியேறிய புதியவர்கள் அவ்வழக்கத்தைத் தொடரவில்லை. பௌசானியாஸ் சென்றபோது சிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது.